மாப்பிள்ளை பார்க்க ஷெட்டுக்கு அனுப்பிய டாக்டரம்மா

செய்தி வந்தபோது நான் வேப்பூர் தாண்டி ஒரு ஜல்லி கிரஷரின் வாசலில் நின்றிருந்தேன். என் மனைவியின் தங்கைக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையனுக்கு அங்கேதான் வேலை. "நீங்க போயி ஒரு நட பாத்துட்டு வந்துடுங்க மாப்ள" என்று மாமனார் அனுப்பியிருந்தார். செல்போனில் அழைத்தவன் ரவி, பீங்கான் கம்பெனியில் என்னோடு வேலை பார்ப்பவன். கல் உடைபடும் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "சத்தமா சொல்லுடா" என்றேன். "டாக்டரம்மா போயிட்டாங்கண்ணே" என்று கத்தினான். அப்போதும் சரியாகக் காதில் விழாமல், இன்னொரு தரம் கத்தச் சொன்னேன். ஒருவரின் சாவை அப்படிக் கத்திச் சொல்ல வைத்ததே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

எந்த டாக்டரம்மா என்று நான் கேட்கவில்லை. விருத்தாசலத்தில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பீங்கான் வேலைக்காரர்கள் டாக்டரம்மா என்றால் அது தொழிலாளர் ஆஸ்பத்திரியில் இருந்த எஸ்தர் டாக்டரம்மா மட்டும்தான். தூக்கத்திலேயே போயிருக்கிறார். ஊரில் பலரைக் கடைசி நேரத்தில் மூச்சுக்குத் திணறவிடாமல் பார்த்துக்கொண்டவருக்கு அந்த மட்டிலாவது ஒரு நியாயம் நடந்தது.

போன வாரம் இரங்கல் கூட்டம் வைத்தோம். வந்திருந்தவர்களுக்குத் தெரியும், பேச்சுக்குக் குறைவில்லை. "அம்மையாரின் அயராத உழைப்பால் அரசு விழித்தது, தூசிக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது" என்றார் ஒருவர். கை தட்டினோம். அந்த உத்தரவு எப்படிப் பிறந்தது என்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். நானும் "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். மேடையில் சொல்லாமல் விட்டது வீட்டுக்கு வந்தும் உறுத்தியது. அதனால் நம் பீங்கான் ஆட்களுக்கு இதை எழுதுகிறேன்.

டாக்டரம்மாவிடம் முதல் தடவை போனவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். அவர் பேர் கேட்கமாட்டார். தலையை நிமிர்த்தாமல், "எந்த ஷெட்டு?" என்பார். அச்சு ஊற்றுகிற ஷெட்டா, சூளையா, தேய்க்கிற இடமா, மாவு ஷெட்டா. பேர், வயசு, என்ன தொந்தரவு எல்லாம் அதற்கப்புறம். நான் மாவு ஷெட்டு. வெள்ளைக்கல்லை அரைத்த மாவு மூட்டை மூட்டையாக வரும். அதை அவிழ்த்துக் கொட்டி, அளந்து கலக்கவேண்டும். அச்சில் வருகிற பொம்மையும் பீங்கானும் மினுமினுப்பது அந்த மாவினால்தான். நாங்களும் மினுமினுப்போம், வேறு விதமாக. வெயிலில் வந்து நின்றால் இமை மயிரெல்லாம் பளபளக்கும்.

"மாவு ஷெட்டா" என்று அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தார். "வெல்லம் குடுக்குறாங்களா?"

"தெனம் குடுக்குறாங்கம்மா. ஒரு உருண்ட."

உங்களுக்குத் தெரிந்ததுதான். ஷிப்ட் முடிந்து போகும்போது வாசலில் ஆளுக்கு ஒரு வெல்ல உருண்டை தருவார்கள். தூசியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. முதலாளிக்கும் நம்பிக்கை, எங்களுக்கும் நம்பிக்கை. எங்கள் சங்கம் வருஷா வருஷம் வைத்த கோரிக்கைகளில் மறக்காமல் இருந்தது, வெல்லத்தின் அளவைக் கூட்டவேண்டும் என்பது. ஒரு வருஷம் கூட்டியும் தந்தார்கள். வெடி வெடித்துக் கொண்டாடினோம்.

டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார். "தூசி போறது ஒரு வழி. வெல்லம் போறது வேற வழி. ரெண்டும் உள்ளார போயி பாத்துக்கறதே இல்ல. இத ஒங்க சங்கத்துல சொல்லு."

சொன்னேன். சங்கத்தில் என்னை விரட்டாத குறை. "இருக்கறதையும் நிறுத்தறதுக்கு மொதலாளி குடுத்த ஐடியாடா இது" என்றார்கள். ஊதுகிற சங்கை ஊதியாயிற்று, விடிகிறபோது விடியட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

விடிவதற்குள் கலியபெருமாள் அண்ணன் போய்விட்டார். மாவு ஷெட்டில் எனக்கு வேலை கற்றுத் தந்தவர். அவர் இருமலுக்கு வெளியில் எங்கெங்கோ காட்டி, டி.பி. என்று எழுதி, மாத்திரை தின்றுகொண்டே இருந்தார். டாக்டரம்மாவிடம் அவர் வந்தபோது படுத்தால் மூச்சு விட முடியாமல் உட்கார்ந்தே தூங்குகிற நிலைமை. "இது டி.பி. இல்ல, நெஞ்சுல படிஞ்ச கல்லுத் தூசி" என்று படத்தைத் தூக்கிக் காட்டினார் டாக்டரம்மா. அண்ணன் வீட்டில் அவர் தட்டு தம்ளரைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். ஒட்டிக்கொள்ளாத வியாதிக்காக அந்த மனுஷன் கடைசிக் காலத்தில் பேரனைத் தொடாமல் இருந்தார். அவர் செத்ததற்கு நாங்கள் பெரிய மாலையாக வாங்கினோம், ஒரு நாள் லீவு கேட்டு வாங்கினோம். மறுநாள் அவர் நின்ற இடத்தில் நான் நின்று மூட்டையை அவிழ்த்தேன்.

அந்த மாதமே கடலூரில் ஒரு கூட்டம். அதிகாரிகள், முதலாளிகள் சங்கம், தொழிலாளர் சங்கம் எல்லாரும் உட்கார்ந்து பேசுகிற குழு அது. தொழிலாளர் சார்பில் போகவேண்டியவருக்கு வேறு வேலை வந்ததால் என்னை அனுப்பினார்கள். டாக்டரம்மாவும் அந்தக் குழுவில் இருந்தார், ஒரு பிளாஸ்டிக் உறையில் ஒற்றைத் தாள் வைத்திருந்தார். பெருக்குவதற்கு முன்னால் தரையை நனைக்கவேண்டும், மாவு கொட்டுகிற இடத்தில் தூசியை உறிஞ்சும் மின்விசிறி வைக்கவேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை நெஞ்சுப் படம் எடுக்கவேண்டும். அவ்வளவுதான். வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை. டீ வந்தது, மிக்சர் வந்தது. முதலாளிகள் சங்கச் செயலாளர், "நான் மட்டும் விசிறி வச்சா வைக்காதவன் வெல கம்மியா விப்பான், நான் கடைய மூடணும்" என்றார். அதுவும் உண்மைதான். "ஆவன செய்யப்படும்" என்று எழுதிக்கொண்டார்கள். கலியபெருமாள் அண்ணன் பேரை டாக்டரம்மா சொன்னார். ஓர் அதிகாரி, "ரொம்ப வருத்தமான விஷயம்" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கொதித்துக்கொண்டே வந்தேன். "இவனுங்களுக்கு ஒண்ணும் தெரியலம்மா" என்றேன்.

"எல்லாருக்கும் தெரியும் செல்வராசு. தெரியாம ஒருத்தரும் சும்மா இல்ல. வலிக்கிறவங்களுக்கு கேக்கத் தெரியல. கேட்டா நடக்குற எடத்துல இருக்கறவங்களுக்கு வலிக்கல." உறையைத் தட்டிக்கொண்டு, "ஒரு நாளைக்கு அவங்களே கேப்பாங்க. அன்னிக்கு தேடிக்கிட்டு நிக்கக் கூடாது" என்றார். அந்த உறை அதற்கப்புறம் எப்போதும் அவர் கைப்பையிலேயே இருந்தது. ஓரமெல்லாம் பழுத்துப்போயிற்று.

வலிக்க வைக்கிற வழி அவருக்கு எதிர்பாராமல்தான் கிடைத்தது.

பெண் கொடுப்பதற்கு முன்னால் விசாரிப்பது எல்லா ஊரிலும் உண்டு. டீக்கடையில் கேட்பார்கள், முடி வெட்டுகிற இடத்தில் கேட்பார்கள். பையன் பீங்கான் கம்பெனி என்றால் ஆஸ்பத்திரி வாசலிலும் வந்து நிற்பார்கள். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்து, "என் மவள குடுக்குறேம்மா. பையன் நெஞ்சு நல்லா இருக்குதான்னு ஒரு வார்த்த மட்டும் சொல்லிடுங்க" என்று காலில் விழப் போனாராம். டாக்டரம்மா பிடித்து நிறுத்தியிருக்கிறார்.

"ஒரு ஆளோட ஒடம்பப் பத்தி இன்னொருத்தர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு செய்யுங்க. பையன் வேல செய்யுற எடத்தப் போயி ஒரு தடவ பாத்துட்டு வாங்க. வேல நேரத்துல போங்க."

அதற்கப்புறம் விசாரிக்க வந்த எல்லாருக்கும் அதே பதில்தான். ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இன்ஸ்பெக்டர் வந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். தரை கழுவி, ஆளுக்கொரு துணி மூக்கில் கட்டி நிறுத்துவார்கள். பெண் வீட்டார் சொல்லிக்கொண்டா வருவார்கள்? அந்தத் தை மாசம் ஆலை வாசல்களில் பட்டுக்கரை வேட்டிகள் வந்து நின்றன. "சும்மா இந்தப் பக்கம் வந்தோம்" என்பார்கள். எட்டிப் பார்ப்பார்கள். போய்விடுவார்கள்.

எனக்கும் அந்தத் தையில்தான் பேசியிருந்தது. பெண்ணாடத்தில் கரும்பு வைத்திருக்கிற குடும்பம். பெண்ணைப் பார்த்தாயிற்று. எனக்குப் பிடித்திருந்தது, அதற்கும் பிடித்திருந்தது என்று தரகர் சொன்னார். பெண்ணின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, "வத்தக் கொழம்பு பிரமாதம்" என்று இரண்டு தரம் வாங்கி ஊற்றிக்கொண்டு போனவர்.

ஒரு புதன்கிழமை ஷெட்டில் மூட்டை கொட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் மூன்று பேர் நிழலாடினார்கள். வெளிச்சத்தில் கண் கூசியதால் யார் என்று தெரியவில்லை. கிட்டே போய், "யாருங்க வேணும்?" என்றேன்.

"இங்க செல்வராசுன்னு ஒரு பையன் வேல பாக்குது. கொஞ்சம் கூப்புடுறியாப்பா" என்றார் நடுவில் நின்றவர்.

வத்தக் குழம்பு மனிதர். போன வாரம் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர், முகமெல்லாம் மாவாக நின்ற என்னிடமே என்னைக் கேட்கிறார்.

"நான்தாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்றைக்கு வரை நான் யாரிடமும் விவரித்ததில்லை. கோபமில்லை, அருவருப்பில்லை. பாவம் என்று பார்த்தார். கை கொடுக்க நீட்டியவர், பாதியில் எடுத்துக்கொண்டு, "வேல நேரத்துல தொந்தரவு பண்ணிட்டோம். வரோம் தம்பி" என்றார். சொல்லிவிட்டு இருமினார். இரண்டு நாளில் தரகர் வந்து, "ஜாதகம் சரியா வரலியாம்" என்றார். பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் பேசவே ஆரம்பித்தது. அதை அவரிடம் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நிற்காமல் உள்ளே நுழைந்தேன். "நீங்கதான அனுப்புனீங்க? என் பொழப்புல மண்ணப் போட்டீங்களேம்மா" என்றேன். வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா மறுக்கவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. "ஆமா" என்றார். அப்புறம், "நெஞ்சு படம் எடுத்துக்க செல்வராசு" என்றார். எடுக்கமாட்டேன் என்று வந்துவிட்டேன். ரொம்ப நாள் அந்த வழியாகவே போகவில்லை.

அந்த வருஷம் அப்படிப் போன கல்யாணங்கள் எனக்குத் தெரிந்து கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரே தெருவில் தாடியோடு திரிந்தவர்களைப் பார்த்து ஊரே சிரித்தது. அதற்கு மேல்தான் வேடிக்கை. கலியபெருமாள் அண்ணன் செத்தபோது வேலையை விடாத பையன்கள், பெண் கிடைக்காது என்றதும் விட்டார்கள். ஒருவன் திருப்பூருக்குப் பஸ் ஏறினான், இன்னொருவன் சென்னைக்கு. நாங்கள் மிச்சம் இருந்தவர்கள் சங்கத்தில் கூடி, "இந்த ஷெட்டுல இனிமே நிக்க மாட்டோம்" என்று முதல் தடவையாகச் சொன்னோம். வெல்லத்தைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. கொலு பொம்மைக்கு ஆர்டர் வந்து குவிந்திருந்த நேரம். சூளை இருக்கிறது, மண் இருக்கிறது, மாவு கொட்ட ஆள் இல்லை.

சாவுக்கு மாலை வாங்கினோம். சம்பந்தம் போனதற்குத்தான் கோபப்பட்டோம். இதைத்தான் அந்த மேடையில் நான் சொல்லியிருக்கவேண்டும். அரசு தூங்கியது என்று சொல்லிக் கை தட்டுகிறோமே, நாம் விழித்திருந்தோமா என்று கேட்டிருக்கவேண்டும். கலியபெருமாள் அண்ணனின் சம்சாரம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அந்த அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

அடுத்த கடலூர் கூட்டத்துக்கு நானே கேட்டுப் போனேன். டாக்டரம்மா மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் தலை குனிந்துகொண்டேன். முதலாளிகள் சங்கச் செயலாளர்தான் முதலில் எழுந்தார். "எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரி உத்தரவு போட்டுடுங்க சார். ஒருத்தன் வச்சு ஒருத்தன் வைக்காம இருக்கக் கூடாது. என்ன செய்யணும்னு யாராவது எழுதிக் குடுத்தா நாளைக்கே செய்யுறோம்" என்றார். டாக்டரம்மா கைப்பையைத் திறந்து அந்த உறையை எடுத்து மேஜை மேல் நகர்த்தினார். அதே தாள். அவர்கள் அதை முதல் தடவை பார்ப்பதுபோல் படித்தார்கள். மிக்சர் வருவதற்குள் முடிவாகிவிட்டது. "அரசின் தீவிர முயற்சியால்" என்று குறிப்பு எழுதினார்கள். உத்தரவு வந்து முதலாளிகள் முதலில் அமல்படுத்தியது என்ன தெரியுமா? வெல்லத்தை நிறுத்தியதுதான்.

திரும்பும்போது அதே மாதிரி பஸ். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஜெயித்த முகமாக இல்லை.

"ஒனக்கு நடந்தது தப்புதான். ஒனக்கு மட்டும் இல்ல. நான் எடத்தப் பாக்கச் சொன்னேன் செல்வராசு. அவங்க ஆளப் பாத்துட்டுப் போயிட்டாங்க."

நான் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தேன்.

"எனக்கு வெக்கமா இருக்குது" என்றார் டாக்டரம்மா. "அந்த ஷெட்டு வெக்கப்படணும். மொதலாளி வெக்கப்படணும். நான் வெக்கப்படணும். கடைசில பையனுங்க தலைல கொண்டு போயி கொட்டிட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நெய்வேலி தாண்டியதும் சாதாரணமாக, "படம் எப்ப எடுக்குற?" என்றார்.

மறுநாள் எடுத்தேன். லேசாகப் பொடி தூவினாற்போல் இருந்தது. "ஆரம்பந்தான், ஆனா திரும்பாது. வளராமப் பாத்துக்கலாம்" என்றவர், தானே கம்பெனிக்கு வந்து பேசி என்னைச் சூளைப் பக்கம் மாற்றிவைத்தார். மாடிப்படி ஏறினால் இன்றைக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கும். மற்றபடி குறையில்லை.

இரண்டு வருஷம் கழித்து நம் மாவட்டத்து மங்களூரிலிருந்து ஒருவர் ஷெட்டைப் பார்க்க வந்தார். அதற்குள் அது வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தரை நனைந்து கிடந்தது. அவர் வழுக்கி விழப் போய், என் தோளைப் பிடித்துக்கொண்டு, "சுத்தமாத்தான் வச்சிருக்காங்க" என்றார். அவர்தான் என் மாமனார். எனக்கு வந்த வாழ்க்கை அந்த ஈரத் தரையால் வந்தது. அந்தத் தரையை நனைக்க ஒரு சாவு போதவில்லை என்பதை நினைக்காமல் என்னால் அதை அனுபவிக்க முடிந்ததில்லை.

டாக்டரம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது பஸ்ஸில் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். இடத்தைப் பாக்கச் சொன்னேன், ஆளைப் பாத்துட்டுப் போயிட்டாங்க.

அன்றைக்கு வேப்பூரில் போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு நின்றிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு பையன் வந்தான். புருவம், மீசை, காதுமடல் எல்லாம் சாம்பல் நிறம். "யாருங்க வேணும்?" என்றான். மாப்பிள்ளைப் பையன் பேரைச் சொன்னேன். "நான்தாங்க" என்றான். பெண் வீட்டிலிருந்து வருகிறேன் என்று சொன்னதும் அவன் கை தன்னால் முகத்துக்குப் போயிற்று.

"ஒரு நிமிஷம் இருங்க, மூஞ்சி கழுவிட்டு ஓடியாந்துடுறேன்."

"வேணாம் தம்பி, கழுவாதீங்க. இப்பிடியே வாங்க. ஒங்க மொதலாளி ரூமு எங்க இருக்குது?"

அவன் மிரண்டுவிட்டான். "என் வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதுங்களே?" என்றான். ஆகாது என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? "ஒங்களப் பத்திப் பேசப் போறதில்ல தம்பி. ஒங்கமேல ஒரு கொறையும் இல்ல. எடத்தப் பத்தித்தான் பேசணும்" என்றேன். எனக்கு அந்த வத்தக் குழம்பு மனிதர் சொல்லாமல் போனது அதுதான். பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு முன்னால் நடந்தான்.

முதலாளி கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாரு? டிபார்ட்மென்ட்டா?" என்றார். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"இல்லீங்க. பொண்ணு வூட்டுக்காரன்."

சொல்லும்போது வெட்கமாகத்தான் இருந்தது. பெண் கிடைக்காவிட்டால் ஆள் போய்விடும் என்கிற பயம் கிரஷருக்கும் வந்திருந்தது போல, அவர் சட்டென்று எழுந்து, எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.